பொதுவில் விளைந்த அறிவு – 9: ஓர் ஊருக்கு எத்தனை மாவட்டம்?

விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் உரைநடைக்குள் புதைந்து கிடக்கும் செய்திகளைக் கணினியும் எடுத்தாளும்படி தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும் என்று டென்னி விராண்டெசிச், மார்க்குஸ் குரோட்ஷ் ஆகிய ஆய்வாளர்கள் 2005 முதல் வலியுறுத்தி வந்ததும், அதற்காக அவர்கள் தோழர்களுடன் உருவாக்கிய ‘செமாண்டிக் மீடியாவிக்கி’ என்னும் நீட்சி வேறு பல விக்கிகளில் வேர்பிடித்தும் விக்கிப்பீடியாவுக்குள் மட்டும் இடம்பெறாமல் போனதும் முந்தைய பகுதிகளில் விவரிக்கப்பட்டன. மெட்டாவெப் நிறுவனம் 2007-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘ஃபிரீபேஸ்’ என்னும் தரவுத்தளம் 2010 சூலையில் கூகுளின் உடைமையானதோடு சென்ற வாரப் பகுதி நின்றது.

2012 மார்ச் 30 அன்று, விக்கிமீடியா இயக்கத்தின் செருமானியக் கிளையான ‘விக்கிமீடியா டாய்ச்லாந்து’, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம் ஒன்றைப் பெர்லினில் உருவாக்கப் போவதாக அறிவித்தது. அதற்கான 13 இலட்சம் யூரோவில் பாதியைப் பால் ஆலனின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமும், மீதியைச் சரிபாதியாகக் கூகுளும் கார்டன்–பெட்டி மூர் அறக்கட்டளையும் தந்தன. விக்கித்தரவு என்று இன்று தமிழில் வழங்கும் திட்டம் அதுவே.

பணம் சேர்ந்துவிட்டது, விராண்டெசிச்சின் தலைமையில் நிரலாளர்களும் சேர்ந்துவிட்டார்கள். ஒரு செய்தியை எந்த வடிவத்தில் வைப்பது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த ஓராண்டில் அதற்குக் கிடைத்த விடையே இத்திட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

*

ஒரே பெயரில் நால்வர்

அந்தக் கேள்வியின் கடினத்தை உணர பெர்லினுக்குப் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள காவேரிப்பட்டினமே போதும். பெயரில் காவேரி இருந்தாலும் ஊரையொட்டி ஓடுவது தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து, அங்கே தட்சிண பினாகினி என்று வழங்கி, ஆங்கில நிலப்படங்களில் பொன்னையாறு என்றும் தென்பெண்ணாறு என்றும் பல எழுத்துக்கூட்டல்களில் இடம்பெறும் ஆறு அது.

காவேரிப்பட்டினம் என்பது ஒரு பேரூராட்சி. அதே பெயரில் சுற்றுவட்டாரக் கிராமங்களை உள்ளடக்கிய ஓர் ஊராட்சி ஒன்றியமும் இருக்கிறது. அதே பெயரில் 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை வரை ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. இவை போதாதென்று, பல மாவட்டங்கள் தள்ளிக் கடற்கரையில் இருக்கும் சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தையும் ஆங்கில நூல்கள் பல இடங்களில் இதே எழுத்துகளில்தான் குறிக்கின்றன. உள்ளூரில் ‘பட்டணம்’ என்றும் ‘பட்டினம்’ என்றும் இரு வழக்கு. கும்பெனிக் காலத்து ஆவணங்களில் ‘காவேரிபட்டம்’ போன்ற சிதைந்த வடிவங்கள். 1767-இல் ஐதர் அலியின் படை இவ்வூர்க் கோட்டையைக் கும்பெனியிடமிருந்து மீட்டதைப் படிக்கும் மாணவர், பூம்புகாரில் நடந்த போர் என்று எண்ணிக்கொண்டால் பிழை அவருடையதாகாது.

மனிதர் சூழலைப் பார்த்துப் பிரித்தறிவார். கணினிக்கு அந்தத் திறன் இல்லை.

2012 வரை விக்கிப்பீடியா இச்சிக்கலை எப்படிக் கையாண்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே பொருளைப் பற்றிப் பல மொழிகளில் இருக்கும் கட்டுரைகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு ‘விக்கியிடை இணைப்பு’ என்று பெயர். அந்த இணைப்புகள் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. பத்து மொழிகளில் ஒரு கட்டுரை இருந்தால், ஒவ்வொன்றிலும் மற்ற ஒன்பதின் பெயர்களுமாக 90 இணைப்புகள் வேண்டும். பதினோராவது மொழி வந்தால் மேலும் 20.

இந்த வேலையை இரவு பகலாகச் செய்தவை தானியங்கிகள், அதாவது மனிதர் இயக்கிவிட்டுத் தூங்கப் போன பிறகும் தொகுத்துக்கொண்டே இருக்கும் சிறு நிரல்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை அந்நாளில் திறந்தவர்கள், மனிதத் தொகுப்புகளுக்கு நடுவே இத்தானியங்கிகளின் அணிவகுப்பையும் கண்டிருப்பார்கள். யாரோ ஒருவர் பேரூராட்சியின் கட்டுரையைத் துறைமுகத்தின் கட்டுரையோடு தவறாகப் பிணைத்துவிட்டால், தானியங்கி அந்தத் தவற்றையும் அதே சிரத்தையோடு எல்லா மொழிகளுக்கும் கொண்டு சேர்த்தது; ஒரே மொழியில் இரண்டு கட்டுரைகள் குறுக்கிட்டால் மட்டும், இன்னதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

*

பெயரை விட்டு எண்ணுக்கு

பெர்லின் குழுவின் முதல் பெரும் முடிவு, பொருளையும் பெயரையும் பிரிப்பது. விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘உருப்படி’ என்று பெயர். அதற்குரிய அடையாளம் ‘கியூ’ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே. தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், ஆங்கிலப் பெயர் எல்லாம் அந்த எண்ணின்மேல் ஒட்டப்படும் சீட்டுகள். ஒரு மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர், எத்தனை வேண்டுமானாலும் மாற்றுப்பெயர்கள். கியூ என்ற எழுத்தைத் தேர்ந்ததன் காரணத்தை விராண்டெசிச் மறைக்கவில்லை: அது அவர் மனைவியின் பெயரில் முதலெழுத்து.

காவேரிப்பட்டினத்தை உள்ளடக்கிய பாராமகால் நிலத்தில், 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியின் கைக்கு வந்த பிறகு, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். பட்டாதாரரின் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறினாலும் சர்வே எண் அப்படியே இருக்கும் என்பதை அறிந்த எந்த விவசாயிக்கும், பொருளுக்கு எண்ணும் எண்ணுக்குப் பெயரும் என்ற பெர்லின் முடிவைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலப் பெயரையே அடையாளமாக வைத்திருந்தால் நிரலாளருக்கும் தொகுப்பாளருக்கும் வேலை எளிதாக இருந்திருக்கும். தரவைப் பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்கியிருக்கும். அந்த வசதியை வேண்டாம் என்று ஒதுக்கியதனால், தமிழில் மட்டும் பெயர் தெரிந்த ஒரு சிற்றூருக்கும் தமிழிலேயே உருப்படி தொடங்க முடிகிறது. பண்புகளுக்கும் அதே முறைதான். ‘பண்பு’ என்பது ‘நாடு’, ‘மக்கள்தொகை’, ‘அமைந்துள்ள ஆட்சிப் பகுதி’ போன்று ஒரு பொருளைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வியின் பெயர். அதற்கும் ‘பி’ என்னும் எழுத்தோடு ஓர் எண். பண்பின் பெயரை ஒருவர் ஒருமுறை தமிழாக்கிவிட்டால், அப்பண்பு வரும் எல்லாப் பக்கங்களும் தமிழில் படிக்கக் கிடைக்கும்.

பெயரை அறவே தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரே மொழியில் இரண்டு உருப்படிகளுக்கு ஒரே பெயர் இருக்கலாம். ஆனால் பெயரும் அதனடியில் வரும் சிறு விளக்கமும் சேர்ந்து ஒன்றாக இருந்தால் மென்பொருள் சேமிக்க மறுக்கும். ‘காவேரிப்பட்டினம்’ என்று எழுதி விளக்கத்தில் ‘தமிழ்நாட்டிலுள்ள ஊர்’ என்று இரண்டிடங்களில் போட்டால் இரண்டாவது தடுக்கப்படும். ‘கிருஷ்ணகிரி மாவட்டப் பேரூராட்சி’ என்றும், ‘கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சி ஒன்றியம்’ என்றும் வேறுபடுத்தினால்தான் இரண்டும் உள்ளே போகும். சிறிய விதிதான், ஆயினும் சோம்பலான விளக்கங்களைத் தடுத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இன்னொரு விதி அவ்வளவு நன்மை செய்யவில்லை. ஒரு விக்கிப்பீடியாவிலிருந்து ஓர் உருப்படிக்கு ஒரே ஒரு கட்டுரைதான் இணையலாம். ஒரு கட்டுரையும் ஒரே உருப்படியோடுதான் இணையலாம். ஒரு மொழியில் பேரூராட்சியையும் ஒன்றியத்தையும் சேர்த்து ஒரே கட்டுரை எழுதியிருக்க, வேறொரு மொழியில் இரண்டும் தனித்தனியாக இருந்தால், எதனை எதனோடு பிணைப்பது? இணைந்தே பேசப்படும் இரு கொள்ளையரின் பெயரால் ‘போனி–கிளைடு சிக்கல்’ என்று தொகுப்பாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். பெயர் கிடைத்த அளவுக்குத் தீர்வு எளிதில் கிடைக்கவில்லை.

*

பழைய வீட்டிலேயே குடித்தனம்

அடுத்த முடிவு வெளியுலகில் அதிகம் பேசப்படாதது. பொருள், பண்பு, மதிப்பு என மும்மூன்றாகச் செய்திகளைச் சேமிக்கவென்றே ‘மும்மைக் கிடங்கு’ என்று சொல்லத்தக்க தனிவகைத் தரவுத்தளங்கள் அப்போதே இருந்தன. குரோட்ஷும் விராண்டெசிச்சும் அத்துறையிலேயே வளர்ந்தவர்கள். ஆனாலும் மூலத் தரவை அத்தகைய கிடங்கில் வைக்காமல், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்குள்ளேயே, ஒவ்வோர் உருப்படியையும் ஒரு பக்கமாக வைப்பதென்று குழு முடிவு செய்தது.

மீடியாவிக்கி அதுவரை அறிந்த பக்கம் என்பது உரைநடைப் பக்கம். பக்கத்துக்குள் வேறு வகை உள்ளடக்கமும் இருக்கலாம் என்று மென்பொருளின் அடிப்படையையே திருத்த வேண்டியிருந்தது. டேனியல் கின்ஸ்லர் முன்னின்று செய்த அத்திருத்தத்துக்குப் பிறகு, ஓர் உருப்படியின் எல்லாச் செய்திகளும் ஜேசன் என்னும் எளிய தரவு வடிவத்தில் ஒரே கட்டாக ஒரு பக்கத்துக்குள் அமர்ந்தன.

இதன் பயன் உடனே தெரிந்தது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு, தவறான தொகுப்பை மீளமைக்கும் வசதி, கவனிப்புப் பட்டியல், பேச்சுப் பக்கம், விஷமிகளைத் தடுக்கும் அதிகாரம் என்று பத்தாண்டுகளாக விக்கிச் சமூகம் பழகி வைத்திருந்த எல்லாக் கருவிகளும் ஒரே நாளில் தரவுக்கும் கிடைத்தன. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று சரிபார்க்கும் விக்கி வழக்கத்துக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்தியது.

விலையும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து அதிலுள்ளதைப் படிக்கலாம். ஆனால் ‘தென்பெண்ணைக் கரையிலுள்ள பேரூராட்சிகள் எவை’ என்று எல்லாப் பக்கங்களையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்க இந்த அமைப்பில் வழி இல்லை. அந்தக் கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குழு தள்ளி வைத்தது.

*

உண்மை என்று எழுதாமல் கூற்று என்று

காவேரிப்பட்டினம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

கிருஷ்ணகிரி என்பது விடை. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் இவ்வூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தருமபுரியோ 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1961-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டுபவர் இவ்வூரைச் சேலம் மாவட்டத்தில்தான் தேட வேண்டும். மூன்று விடைகளும் சரி. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற இரண்டு காலத்து ஆவணங்களும் பொய்யாகிவிடும்.

செமாண்டிக் மீடியாவிக்கியின் அடிப்படை வடிவில் ஒரு செய்தி என்பது பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்றோடு முடிந்துவிடும். எப்போதிலிருந்து எப்போது வரை, யார் சொன்னது என்ற கேள்விகளுக்கு அங்கே இயல்பான இடமில்லை. ஒரு நிறுவனத்துக்குள் அனைவரும் ஒத்துக்கொண்ட செய்திகளுக்கு அது போதும். நூற்றுக்கணக்கான மொழிச் சமூகங்கள், ஒருவரையொருவர் பாராமலே ஒரே பக்கத்தைத் தொகுக்கப்போகும் இடத்துக்கு அது போதாது என்று அந்நீட்சியை உருவாக்கியவர்களே கண்டார்கள். தாம் ஏழாண்டுகள் கட்டிய வடிவத்தை, குரோட்ஷும் விராண்டெசிச்சும் தம் கையாலேயே ஒதுக்கி வைத்தது இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம்.

அதனிடத்தில் வந்தது ‘கூற்று’. பண்பும் மதிப்பும் அதன் நடுப்பகுதி. அதனைச் சுற்றிக் காலம், இடம் போன்ற வரம்புகளைச் சொல்லும் ‘தகுதிக்குறிப்புகள்’ வரும். அதனடியில் எந்த நூல், எந்த அரசாணை, எந்தக் கணக்கெடுப்பு அவ்வாறு சொல்கிறது என்று காட்டும் சான்று வரும். ஒரே பண்புக்கு எத்தனை கூற்றுகளும் இருக்கலாம். அவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்யலாம்.

காவேரிப்பட்டினத்தின் உருப்படியில் இதனைப் பொருத்திப் பார்த்தால், ‘அமைந்துள்ள ஆட்சிப் பகுதி’ என்ற ஒரே பண்பின்கீழ் மூன்று கூற்றுகள் வரும்: சேலம் மாவட்டம், முடிவு 1965; தருமபுரி மாவட்டம், தொடக்கம் 1965, முடிவு 2004; கிருஷ்ணகிரி மாவட்டம், தொடக்கம் 2004. பிற்பாடு சேர்க்கப்பட்ட ‘தரநிலை’ என்னும் வசதியால் மூன்றாவதை ‘முதன்மை’ என்று குறித்துவிட்டால், வெறுமனே மாவட்டம் எதுவென்று கேட்கும் நிரலுக்கு அது மட்டும் கிடைக்கும். மற்ற இரண்டும் அழியாமல் இருக்கும். தவறென்று நிறுவப்பட்ட கூற்றைக்கூட நீக்காமல் ‘கைவிடப்பட்டது’ என்று குறித்து வைக்கலாம். இல்லாவிட்டால் அதே பழைய நூலைப் பார்த்து அடுத்தவர் மறுபடியும் அதனைச் சேர்ப்பார்.

எல்லைப் பிணக்குகளில் இவ்வடிவத்தின் பயன் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. இரு நாடுகள் உரிமை கோரும் நிலப்பகுதி எந்த நாட்டைச் சேர்ந்தது என்று விக்கித்தரவு தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. யார் என்ன சொல்கிறார் என்று சான்றோடு இரண்டையும் வைத்துவிடலாம். ஆய்வு செய்து உண்மையை நிறுவும் இடமாக இல்லாமல், பிறர் நிறுவியதையும் சொன்னதையும் தொகுக்கும் இரண்டாம் நிலை ஏடாக இருப்பதென்று திட்டம் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டது. இது கோழைத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதத் தொடங்கியிருந்தால் விக்கித்தரவின் முதல் ஆண்டு தொகுப்புப் போரிலேயே கழிந்திருக்கும்.

‘மதிப்பு இல்லை’, ‘மதிப்பு இருக்கிறது, இன்னதென்று தெரியாது’ என்ற இரண்டையும் தனித்தனியே பதியவும் இடம் வைத்தார்கள். பழைய ஊர்களின் வரலாற்றோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இவ்விரண்டின் வேறுபாடு உயிர்நாடி.

*

அரைகுறையாகத் திறந்த கதவு

2012 அக்டோபர் 29 அன்று விக்கித்தரவு திறக்கப்பட்டபோது அதில் கூற்றுகளே கிடையாது. உருப்படிகளும் பெயர்களும் விக்கியிடை இணைப்புகளும் மட்டும் இருந்தன. பிரபஞ்சத்துக்கு கியூ1, பூமிக்கு கியூ2, எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுக்கு கியூ42 என்று சில எண்களை வேடிக்கைக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

2013 சனவரி 14 அன்று அங்கேரிய விக்கிப்பீடியா தன் விக்கியிடை இணைப்புகளை இங்கிருந்து எடுக்கத் தொடங்கியது. பிப்ரவரி 13 அன்று ஆங்கிலமும், மார்ச் 6 அன்று தமிழ் உட்பட எஞ்சிய மொழிகளும் சேர்ந்தன. இணைப்புகளைப் பரப்பிய தானியங்கிகள், இப்போது அதே இணைப்புகளைக் கட்டுரைகளிலிருந்து துடைத்தெடுக்கும் வேலையில் இறங்கின.

கூற்றுகள் வந்தது 2013 பிப்ரவரி 4 அன்று. அப்போதும், ஒரு கூற்றின் மதிப்பாக வேறோர் உருப்படியோ ஒரு படமோ மட்டுமே இருக்கலாம். காவேரிப்பட்டினம் இந்தியாவில் இருக்கிறது என்று சொல்லலாம். எங்கே என்று ஆயத்தொலைவு தர முடியாது, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று எழுத முடியாது. தேதியும் ஆயத்தொலைவும் சில மாதங்கள் கழித்து வந்தன. எண்கள் இன்னும் தாமதித்தன. எண்ணோடு மீட்டர், கிலோ போன்ற அலகைச் சேர்க்கும் வசதி 2015 செப்டம்பரில்தான் கிடைத்தது.

முழுதும் முடித்துவிட்டுத் திறந்திருக்கலாமே என்ற குறை அன்று எழுந்தது. ஆனால் எண் என்னும் எளிய பொருளே எவ்வளவு சிக்கலானது என்பது திறந்த பிறகுதான் புரிந்தது. அளவை எதுவும் துல்லியமாக இருக்க முடியாது என்ற அறிவியல் நேர்மையால், ஒவ்வோர் எண்ணோடும் பிழை எல்லை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று முதலில் வடிவமைத்திருந்தார்கள். தொகுப்பாளர் தராவிட்டால் மென்பொருளே ஒன்றை ஊகித்துப் போட்டது. கணக்கெடுப்பு நூலிலிருந்து ஓர் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து எழுதியவர், அதனருகே ‘கூட்டல் கழித்தல் 1’ என்று கணினி சேர்த்திருப்பதைக் கண்டு திகைத்தார். ஊரில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று ஐயுறுவது போன்ற அந்தக் கட்டாயம் பின்னாளில் கைவிடப்பட்டது.

உரிமத்திலும் ஒரு துணிவான முடிவு இருந்தது. விக்கிப்பீடியாவின் உரையைப் பயன்படுத்துவோர் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிர வேண்டும். விக்கித்தரவோ எந்த நிபந்தனையுமற்ற ‘சிசி ஜீரோ’ உரிமத்தில் வெளிவந்தது. யாரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். பெருநிறுவனங்கள் நன்றி சொல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம். பகிர்வு நிபந்தனை உள்ள ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ போன்ற நிலப்படத் திட்டங்களிலிருந்து தரவை அள்ளிக்கொண்டு வரும் வழியும் இதனால் அடைபட்டது. இந்த வழக்கு இன்றும் சமூகத்துக்குள் முடிந்தபாடில்லை.

*

தள்ளி வைத்த கடன்

கதவு திறந்ததும் வெள்ளம் வந்தது. சுவீடன் நாட்டவர் ஒருவரின் ‘எல்எஸ்ஜேபாட்’ என்னும் தானியங்கி, நிலவியல் தரவுகளைக் கொண்டு செபுவானோ, சுவீடிய விக்கிப்பீடியாக்களில் உலகின் மலைகள், ஓடைகள், ஊர்கள் அனைத்துக்கும் கட்டுரைகளை எழுதிக் குவிக்க, அவை ஒவ்வொன்றுக்கும் விக்கித்தரவில் உருப்படி பிறந்தது. ஏற்கெனவே உருப்படி இருந்த ஊர்களுக்கும், எழுத்துக்கூட்டல் சற்றே மாறியிருந்த காரணத்தால், இரண்டாவது எண் கிடைத்தது. இவற்றைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று இணைக்கும் வேலை தன்னார்வலர்களின் அன்றாடமானது. எண் மாறாது என்ற வாக்குறுதியைக் காக்க, இணைக்கப்பட்ட பழைய எண்ணை அழிக்காமல் புதிய எண்ணுக்கு வழிமாற்றி விட்டார்கள்.

ஒரே பெயரில் எத்தனை உருப்படிகள், ஒரே இடத்தில் எத்தனை ஊர்கள், மாவட்டம் குறிப்பிடப்படாத பேரூராட்சிகள் எவை என்று மொத்தத் தரவையும் ஒருசேரக் கேட்டால்தான் இத்தகைய பிழைகளைப் பிடிக்க முடியும். 2012 அறிவிப்பிலேயே மூன்றாம் கட்டம் என்று சொல்லப்பட்டது, இத்தகைய கேள்விகளால் தானாக உருவாகும் பட்டியல்களே. மீடியாவிக்கியின் பக்கங்களோ அந்தக் கேள்விகளுக்கு ஊமையாக இருந்தன. மாக்னஸ் மான்ஸ்கே என்னும் நிரலாளர் தாமே எழுதித் தந்த ஒரு வினவற் கருவிதான் அந்நாளில் சமூகத்துக்குக் கைகொடுத்தது.

விராண்டெசிச் 2013-இல் கூகுளில் சேர்ந்துவிட்டார். 2014 டிசம்பரில், ஃபிரீபேஸை மூடப்போவதாகவும் அதன் தரவு விக்கித்தரவுக்குப் போகலாம் என்றும் கூகுள் அறிவித்தது. இதற்கிடையே, தள்ளி வைத்த கடனைத் தீர்க்க, விக்கிமீடியா அறக்கட்டளையின் பொறியாளர்கள், பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் தாங்கவல்ல ‘டைட்டன்’ என்னும் திறமூல வரைபடத் தரவுத்தளத்தைத் தேர்ந்து, விக்கித்தரவின் கூற்றுகளை அதற்குள் ஏற்றும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

2015 பிப்ரவரியில், டைட்டனை உருவாக்கிவந்த சிறு நிறுவனத்தை டேட்டாஸ்டாக்ஸ் என்னும் பெருநிறுவனம் வாங்கியது. தேர்ந்தெடுத்த பொறியின் எதிர்காலம் ஒரே நாளில் ஐயத்துக்குள்ளானது. இனியொரு பொறியைத் தேடிப் பிடித்து, தகுதிக்குறிப்பும் சான்றும் தரநிலையும் சுமந்த கோடிக்கணக்கான கூற்றுகளை அதில் ஏற்ற முடியுமா? அப்படிக் கிடைக்கும் பொறியும் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போகாது என்பதற்கு யார் உறுதி தருவார்?

(தொடரும்)